யானைக்கும் லாரிக்கும் நடுவே ஒரு சைக்கிள் பாதை

கேள்வி: ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்க்கிறேன். வயது 46. சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது என்று டாக்டர் சொன்னதால் கியர் சைக்கிள் வாங்கி, தினமும் ஊரைச் சுற்றி 20 கி.மீ. ஓட்டுகிறேன். அதே ரோடு, அதே ஸ்பீடு பிரேக்கர், அதே டீக்கடை என்று சலித்துவிட்டது. ஞாயிறுகளில் 60, 70 கி.மீ. போக ஆசை. ஜூலையில் ஒருநாள் ஹைவேயில் சூளகிரி வரை ஜாலியாகப் போனேன். திரும்பும்போது முடியாமல் ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் லாரி லாரியாகப் போகிறது, கை நடுங்குகிறது. தளி பக்கம் போகலாம் என்றால் யானை பயம். தெரியாத ஊரில் பங்சர் ஆனால் என்ன செய்வது, நாய் துரத்தினால் என்ன செய்வது? 'இதெல்லாம் தேவையா?' என்கிறாள் மனைவி. எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. நான் எந்தப் பக்கம் போகலாம்? 14 வயது மகனும் வருகிறேன் என்கிறான். அழைத்துப் போகலாமா?
- எம்.கே., மத்திகிரி, ஓசூர்

பதில்: அன்புள்ள எம்.கே.,

முதலில் அந்த சூளகிரி நாளை மனத்திலிருந்து இறக்கி வையுங்கள். அன்று உங்கள் இடத்தில் 25 வயதுப் பையன் இருந்திருந்தாலும் நாக்கு தள்ளியிருக்கும். உங்கள் உடம்பைவிடப் போன திசைக்கும் அந்த ஜூலை மாதத்துக்கும்தான் அதில் பெரிய பங்கு.

ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிருஷ்ணகிரி சுமார் 500 மீட்டர். இரண்டுக்கும் நடுவில் 50 கிலோமீட்டர்தான். சூளகிரி அந்த இறக்கத்தின் வழியில் இருக்கிறது. போகும்போது உங்களுக்கு வந்த வேகம் கடன் வாங்கிய வேகம். திரும்பும்போது வட்டியோடு கட்ட வேண்டியதாயிற்று. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இந்த மேட்டு நிலத்தில் மேற்கிலிருந்து காற்று அடிக்கும். காலை ஒன்பது மணி தாண்டினால் அது வலுக்கும். சூளகிரி உங்களுக்குக் கிழக்கே. ஆக, வீடு திரும்பும் வழி முழுக்க ஏற்றமும் எதிர்க்காற்றும் கைகோத்து நின்றிருக்கின்றன. கூடவே லாரிகள். உட்காராமல் என்ன செய்வீர்கள்?

இன்னொரு ஆறுதல். நெடுந்தூர சைக்கிள்காரர்களிடம் 'பிரேவே' (குறித்த நேரத்துக்குள் குறித்த தூரத்தை முடிக்கும் பயணம், பந்தயம் கிடையாது) என்றொரு வழக்கம் உண்டு. பிரான்சில் தொடங்கியது, பெங்களூரிலும் நடக்கிறது. அதில் 200 கி.மீ. முடிக்கத் தரும் நேரம் பதின்மூன்றரை மணி. டீ குடிப்பது, பங்சர் ஒட்டுவது எல்லாம் சேர்த்து மணிக்கு 15 கி.மீ. போனால் போதும். உங்கள் 60 கிலோமீட்டரை அந்தக் கணக்கில் நாலு மணி நேரத்தில் முடித்துவிடலாம். வேகம் ஒரு பொருட்டே கிடையாது.

அப்படியானால் எதைப் பார்க்க வேண்டும்? இந்த வட்டாரத்தில் எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டுக் கிளம்பியவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். எந்தத் திசை, எந்த மாதம், எந்த மணி என்று கேட்டுவிட்டுப் புறப்பட்டால் உங்கள் பயத்தில் முக்கால் பங்கு அங்கேயே தீர்ந்துவிடும்.

சலிப்பு ஏன் வந்தது என்று பாருங்கள். நமக்குத் தெரிந்த வழியெல்லாம் பஸ் போகும் வழி, கம்பெனி வண்டி போகும் வழி. ஓசூரிலிருந்து பெங்களூரு, பாகலூர், கிருஷ்ணகிரி, ராயக்கோட்டை, தேன்கனிக்கோட்டை, தளி என்று ஆறு பக்கம் ரோடு பிரிகிறது. ஆறும் உங்களுக்குத் தெரியும். ஆனால் ஒரு ரோட்டுக்கும் அடுத்த ரோட்டுக்கும் நடுவில் ஊருக்கு ஊர் இணைக்கும் சின்னத் தார் ரோடுகள் நிறைய இருக்கின்றன. 2000-ல் தொடங்கிய பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்துக்குப் பிறகு அவை கூடியிருக்கின்றன. பஸ் பயணிக்கு அவற்றால் பயனில்லை. அதனால் நம் மனத்தில் இருக்கும் வரைபடத்தில் அவை விழவே இல்லை. சைக்கிளுக்கு அவைதான் ராஜபாட்டை. பெரிய ரோட்டில் பத்து கிலோமீட்டர் போய், கிராம ரோட்டில் குறுக்கே ஓட்டி, அடுத்த பெரிய ரோட்டைப் பிடித்து வீடு திரும்புங்கள். போன வழியே திரும்பாத பயணம் ஒருநாளும் சலிக்காது.

இதற்கு ஒரு எளிய அடையாளம் சொல்கிறேன். ரோட்டோரக் கிலோமீட்டர் கல்லின் தலையைப் பாருங்கள். மஞ்சள் தேசிய நெடுஞ்சாலை, பச்சை மாநில நெடுஞ்சாலை, கறுப்போ நீலமோ மாவட்டச் சாலை, ஆரஞ்சு கிராமச் சாலை. மஞ்சள் தலையைக் கண்டால் விலகுங்கள். நீங்கள் சூளகிரிக்குப் போன நாற்பத்து நாலாம் எண் நெடுஞ்சாலையைக் குறுக்கே கடக்கலாம், அதுவும் பாலத்தடியிலோ சிக்னலிலோ. அதன் கூடவே ஓட்ட வேண்டாம். லாரி ஓட்டுபவர் கெட்டவர் என்று இதற்கு அர்த்தமில்லை. ராத்திரி முழுக்க ஓட்டி வந்தவர் காலை ஆறு மணி வெளிச்சத்தில் ஓரத்தில் போகும் சைக்கிளைக் கவனிப்பார் என்று நம்பி நீங்கள் போகக் கூடாது, அவ்வளவுதான். ராயக்கோட்டை வழியாகத் தர்மபுரி போகும் புதிய நெடுஞ்சாலைக்கும் இதுவே விதி. சிப்காட் பக்கம் ஷிப்ட் மாறும் நேரங்களிலும், அதாவது காலை ஆறை ஒட்டியும் பிற்பகல் இரண்டை ஒட்டியும், கம்பெனி பஸ்கள் ஓட்டமெடுக்கும். உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, அந்த பஸ்ஸில் நீங்களே உட்கார்ந்திருப்பீர்கள்.

இனி திசைகள்.

முதல் மாதம் வடகிழக்கே போங்கள். பாகலூர் பக்கம். கர்நாடகத்தில் பிறந்து ஒசகோட்டை வழியாக வரும் தென்பெண்ணை ஆறு கொடியாளத்தில்தான் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. அங்கிருந்து கெலவரப்பள்ளி அணை. பிறகு நெடுஞ்சாலையைக் கடந்து தொரப்பள்ளி. இந்த ஆற்றைப் பிடித்துக்கொண்டு, கரையோரக் கிராமங்கள் வழியாக வளைந்து வளைந்து வீடு வந்தால் 45, 50 கி.மீ. சேர்ந்துவிடும். பெரிய ஏற்றம் கிடையாது. ரோஜாத் தோட்டம், பசுமைக்குடில், கோஸ் வயல், ஏரிக்கரை ஆலமரம் என்று மாறிக்கொண்டே வரும். தொரப்பள்ளியில் ராஜாஜி பிறந்த வீடு நினைவில்லமாக இருக்கிறது. 1878-ல் அங்கே பிறந்தவர் இந்தியாவின் கடைசி கவர்னர் ஜெனரலாக ஆனார். சின்ன ஊர், சின்ன ஓட்டு வீடு. ஒரு கால்மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.

ஆற்றைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பெங்களூரில் மழை பெய்து அணையில் தண்ணீர் திறந்தால், கழிவுநீர் கலந்த வெள்ளை நுரை ஆள் உயரத்துக்குப் பொங்கி வரும். நந்திமங்கலம் பக்கம் தரைப்பாலத்தை நுரை மூடிய படங்களைச் செய்தித்தாளில் பார்த்திருப்பீர்கள். நுரை மூடிய பாலத்தில் ரோடு எங்கே முடிகிறது என்று யாருக்கும் தெரியாது. வேடிக்கை பார்த்து போட்டோ எடுத்துக்கொண்டு வந்த வழியே திரும்பிவிடுங்கள். ஆற்றங்கரை அழகைப் பாட வந்தவன் நுரையைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. என்ன செய்வது, இதுவும் நம் ஊர்தான்.

இரண்டாவது, மேற்கும் தெற்கும். இங்கேதான் உங்கள் யானை வருகிறது. அதனால் கொஞ்சம் நின்று பேசுவோம்.

உங்கள் வீட்டுப் பக்கத்திலேயே, வெள்ளைக்காரர் காலத்தில் ராணுவக் குதிரை வளர்த்த மத்திகிரி கால்நடைப் பண்ணையைத் தாண்டினால் தளி ரோடு. தளிக்குப் போய், தேன்கனிக்கோட்டைக்குத் திரும்பி, அங்கிருந்து ஓசூர் வந்தால் ஒரு முக்கோணம். ஏறக்குறைய 70 கி.மீ. ஆகும். வெயில் உறைக்காத மேட்டு நிலம். அந்தக் குளிரைப் பார்த்துத்தான் தளியை வெள்ளைக்காரர்கள் குட்டி இங்கிலாந்து என்றார்கள். இந்த மாவட்டத்தில் சைக்கிளுக்கு இதைவிட நல்ல ரோடு இல்லை என்பது என் கட்சி. ஆனால் பன்னேருகட்டா காட்டிலிருந்து ஜவளகிரி, தளி, நொகனூர் காடுகள் வழியாகவும், அங்கிருந்து ஓசூருக்குக் கிழக்கே சானமாவு வரையிலும் யானைகள் நடக்கும் தடமும் இதுதான். ராகி கதிர் பால் பிடித்து முற்றும் அக்டோபரிலிருந்து ஜனவரி, பிப்ரவரி வரை கூட்டம் கூட்டமாக வரும். ராத்திரி வயலில் மேய்ந்துவிட்டு விடியலில் காட்டுக்குத் திரும்பும். அந்த விடியல்தான் சைக்கிள்காரர் கிளம்பும் நேரமும்.

சைக்கிளுக்கு இதில் தனி ஆபத்து ஒன்று உண்டு. பைக் சத்தம் யானைக்குத் தூரத்திலேயே கேட்கும், அது விலகவோ நிற்கவோ நேரம் கிடைக்கும். சைக்கிள் சத்தமில்லாமல் வளைவு திரும்பி முகத்துக்கு முகம் போய் நிற்கும். ஆகவே இந்தத் திசைக்கு மட்டும் சில விதிகள் வைத்துக்கொள்ளுங்கள். நன்றாக வெயில் ஏறிய பிறகு, ஏழு, ஏழரை மணிக்கு மேல்தான் காட்டோர ரோட்டைத் தொட வேண்டும். மாலை நான்குக்குள் வெளியே வந்துவிட வேண்டும். தனியாகப் போக வேண்டாம். வளைவுக்கு முன் மணியடியுங்கள், சத்தமாகப் பேசிக்கொண்டே போங்கள். காதில் பாட்டு வேண்டவே வேண்டாம். ரோட்டில் ஈரமான லத்தி, அப்போதுதான் முறித்துப் போட்ட மூங்கில் கிடந்தால் மேலே போகாமல் திரும்புங்கள். யானையைப் பார்த்துவிட்டால் தூரத்திலேயே நின்று, வந்த வழியே போங்கள். குட்டி இருந்தால் கேட்கவே வேண்டாம். யானை ரோட்டைக் கடந்துவிட்டதே என்று உடனே குறுக்கே ஓட்டாதீர்கள், பின்னால் இன்னும் வரும். ரோட்டை விட்டுக் காட்டுத் தடத்தில் இறங்குவது வன இலாகா அனுமதியில்லாமல் கூடாது.

எல்லாவற்றையும்விட நல்ல வழி, முதல் ஊர் டீக்கடையில் 'நேத்து ராத்திரி யானை எங்கே இருந்தது?' என்று கேட்பது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் கடைகள் அவை. எந்த ஆப்பும் சொல்லாத பதிலை அங்கே சொல்வார்கள். மார்ச்சிலிருந்து செப்டம்பர் வரை இந்த முக்கோணத்தை வைத்துக்கொள்ளுங்கள். ராகிக் காலத்தில் வடகிழக்குக்குப் போய்விடுங்கள். தேன்கனிக்கோட்டையைத் தாண்டி அஞ்செட்டி, அய்யூர், பெட்டமுகிலாளம் என்று மேப்பில் பச்சையாகத் தெரியும் ரோடுகள் உங்களை இழுக்கும். அங்கே ஏற்றமும் செங்குத்து, காடும் அடர்த்தி, போன் டவரும் சந்தேகம். அனுபவமுள்ள நாலு பேரோடு பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, தென்கிழக்கு. இது உங்கள் சூளகிரி மனத்தாங்கலுக்கு மருந்து. இறக்கத்தில் போய், ஏற்றத்தை ரயிலிடம் விட்டுவிடும் வழி. ஓசூரிலிருந்து கெலமங்கலம் சுற்றி ராயக்கோட்டைக்கு 40 கி.மீ.யை ஒட்டி வரும். பெங்களூரு - சேலம் ரயில் பாதையும் ஓசூர், கெலமங்கலம், ராயக்கோட்டை, மாரண்டஹள்ளி, பாலக்கோடு என்று இதே பக்கம்தான் இறங்குகிறது. ராயக்கோட்டை மலைக்கோட்டை 1791-ல், திப்பு சுல்தானுடன் நடந்த மூன்றாம் மைசூர்ப் போரில் ஆங்கிலேயர் கைக்குப் போனது. மறுவருட ஒப்பந்தத்தில் பாராமகால் எனப்பட்ட இந்தப் பகுதியே கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு மாறியது. கால் மிச்சமிருந்தால் மேலே ஏறிப் பாருங்கள். தக்காளி மண்டி பரபரக்கும் ஊர், சாப்பாட்டுக்குக் குறைவிருக்காது. பாசஞ்சர் ரயில் நேரத்தை முதலில் பார்த்துவிட்டு, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு வீட்டிலிருந்து கிளம்புங்கள். சைக்கிளை ரயிலில் ஏற்ற லக்கேஜ் சீட்டு வேண்டும். எல்லா வண்டியிலும் எல்லா ஸ்டேஷனிலும் முடியாது என்பதால் ஓசூர் ஸ்டேஷனிலேயே முன்கூட்டி விசாரியுங்கள். முடியாது என்றால் வாடகைக்கு ஒரு சின்ன யானை (மினி லாரி) பிடியுங்கள். இந்த வட்டாரத்தில் நீங்கள் கும்பிட்டு வரவேற்க வேண்டிய ஒரே யானை அதுதான். இந்தப் பக்கமும் உத்தனப்பள்ளி, சானமாவை ஒட்டி யானை நடமாட்டம் உண்டு. மேலே சொன்ன மணிக்கணக்கு இங்கேயும் செல்லும்.

கர்நாடகப் பக்கம் போகலாமா என்று தயங்க வேண்டாம். சைக்கிளுக்கு செக்போஸ்டில் சீட்டு எதுவும் கிடையாது. தளியிலிருந்து ஆனேக்கல், அங்கிருந்து முத்தியாலமடுவு அருவி என்று ஒரு மழைக்காலப் பயணம் போகலாம். பெயர்ப்பலகை பல இடங்களில் கன்னடத்தில் மட்டும் இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். சர்ஜாபுரா பக்கம் வாகனம் பெருத்துவிட்டது, எனக்குப் பிடிப்பதில்லை.

என்றாவது கிருஷ்ணகிரியில் தங்க நேர்ந்தால் சைக்கிளையும் கொண்டுபோங்கள். பெரியமுத்தூர் அருகே கே.ஆர்.பி. அணை, அங்கே பொரித்த மீன், பிறகு காவேரிப்பட்டணம், போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தை. அந்தப் பக்கம் பெரிய மேடு பள்ளம் இல்லை. மே, ஜூனில் ரோட்டின் இருபுறமும் மாந்தோப்பு வாசனை. மாம்பழம் ஏற்றிய டிராக்டர்கள் கூழ் ஆலை வாசலில் வரிசை கட்டி நிற்கும். மார்ச்சுக்குப் பிறகு அங்கே வெயில் கடுமை, பத்து மணிக்குள் நிழலுக்கு வந்துவிடுங்கள்.

புது வழியை வீட்டிலிருந்தே எப்படிக் கண்டுபிடிப்பது என்றால், போன் மேப்பில் இரண்டு பெரிய ரோடுகளுக்கு நடுவில் உள்ள மெல்லிய கோடுகளைப் பெரிதாக்கி, செயற்கைக்கோள் படத்தில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். கறுப்பாகத் தெரிந்தால் தார், செம்மண் நிறமென்றால் வண்டிப்பாதை. ஏற்ற இறக்கத்துக்கு, இந்திய நில அளவைத் துறை இணையத்தில் இலவசமாகத் தரும் வரைபடங்களில் சம உயரக் கோடுகள் (ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடுகள்) இருக்கும். கோடுகள் நெருங்கி வந்தால் செங்குத்து, விலகி இருந்தால் சமதளம். ஸ்ட்ராவா செயலியின் ஹீட்மேப்பில் (எந்த ரோட்டில் சைக்கிள்காரர்கள் அதிகம் போகிறார்கள் என்று பளிச்சிட்டுக் காட்டும் படம்) மற்றவர்களின் தடமும் தெரியும். ஆனால் பெங்களூர்ப் பையன்கள் கூட்டமாக நெடுஞ்சாலையில் வருவதால் அதுவும் அங்கே பளபளக்கும், ஏமாந்துவிடாதீர்கள். ஒவ்வொரு ஞாயிறும் தெரிந்த வழியில் தெரியாத ஒரே ஒரு திருப்பத்தை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். தூரத்தையும் வாரம் ஐந்து கிலோமீட்டருக்கு மேல் கூட்ட வேண்டாம். காற்று மேற்கிலிருந்து அடிக்கும் மாதங்களில் முதலில் மேற்கே போய், களைத்த பின் காற்று முதுகில் தள்ளத் திரும்புங்கள். மார்கழிக் குளிரில் ஓசூர்ப் பனிமூட்டத்தில் முன்னும் பின்னும் விளக்கில்லாமல் கிளம்பக் கூடாது. ராகி, கொள்ளு அறுப்புக் காலத்தில் கிராமத்து ரோட்டிலேயே கதிரைப் பரப்பி, வண்டிச் சக்கரத்தில் மிதிபட விடுவார்கள். அதன்மேல் ஓட்டினால் வழுக்கும். வைக்கோல் செயினிலும் கியரிலும் சுற்றிக்கொள்ளும். இறங்கி ஓரமாகத் தள்ளிக்கொண்டு போங்கள், களத்துக்காரர் ஒரு சொம்பு மோர் கொடுத்தாலும் கொடுப்பார்.

பங்சர் பயம் ஒரு மாலையில் தீரும். மாற்று டியூப், இரண்டு டயர் லீவர் (டயரை ரிம்மிலிருந்து நெம்பும் பிளாஸ்டிக் பட்டை), கைப்பம்பு இவை போதும். சக்கரத்தைக் கழற்றி டியூப் மாற்றுவதை வீட்டு வாசலிலேயே நாலைந்து தடவை செய்து கை பழகிக்கொள்ளுங்கள். கிராமத்து டூவீலர் பங்சர் கடையில் ஒட்டித் தருவார்கள், ஆனால் உங்கள் சைக்கிளுக்கு ஏற்ற டியூப் கிடைக்காது. நாய் துரத்தினால் வேகமெடுக்காதீர்கள். இறங்கி, சைக்கிளை உங்களுக்கும் நாய்க்கும் நடுவில் வைத்து மெல்ல நடங்கள். அதன் எல்லை முடிந்ததும் விட்டுவிடும். கடித்துவிட்டால் ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றைக்கே அரசு மருத்துவமனையில் தடுப்பூசி போட வேண்டும். சின்னக் கீறல்தானே என்று விடக் கூடாது.

சர்க்கரைக்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறவர் என்றால், நீண்ட பயணத்துக்கு முன் உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். சில மாத்திரைகளோடு நெடுநேரம் மிதித்தால் ஹைப்போகிளைசீமியா (ரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கும் நிலை) வரலாம். கை நடுக்கம், வியர்வை, கண் இருட்டுவது அதன் அறிகுறிகள். சூளகிரியில் கை நடுங்கியது என்று எழுதியிருக்கிறீர்களே, அதையும் அவரிடம் சொல்லுங்கள். சட்டைப் பையில் நாலு மிட்டாய், வழியில் மணிக்கு அரை லிட்டர் தண்ணீர், பசிக்கும் முன்பே ஒரு வாழைப்பழமோ நிப்பட்டோ. நைட் ஷிப்ட் முடித்த காலையில் மட்டும் சைக்கிளைத் தொடாதீர்கள். தூக்கக் கண்ணோடு ரோட்டில் போவதை எந்த மருத்துவரும் உடற்பயிற்சிக் கணக்கில் சேர்க்க மாட்டார்.

உங்கள் மனைவி கேட்டது நியாயமான கேள்வி. வாதாடாதீர்கள். போகும் ஊர்களின் பெயரை வரிசையாக ஒரு தாளில் எழுதி, திரும்பும் நேரத்தையும் போட்டுக் கொடுங்கள். போனில் இருக்கும் இடம் தெரியும்படி வாட்ஸ்அப்பில் லொக்கேஷனைப் பகிர்ந்து வையுங்கள். வழி மாறினால் ஒரு போன். சொன்ன நேரத்துக்கு வீடு வந்து சேரும் ஞாயிறுகள் கூடக் கூட அந்தக் கேள்வி தானாகக் குறையும்.

மகனைத் தாராளமாக அழைத்துப் போங்கள், ஆனால் கெலவரப்பள்ளி அணை வரைக்கும்தான். தளி முக்கோணம் இப்போதைக்கு வேண்டாம். அவனை முன்னால் விட்டு நீங்கள் பின்னால் வாருங்கள். நெடுஞ்சாலையைக் கடக்கும் இடத்தில் இருவரும் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். அவன் சைக்கிள் சீட் உயரத்தையும் பாருங்கள்; பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் லேசாக மட்டும் மடங்க வேண்டும். இந்த வயதில் மாதாமாதம் வளர்வான், போன வருட உயரத்திலேயே விட்டுவைத்தால் முட்டி வலிக்கும். ஹெல்மெட் இருவருக்கும். ஏற்றத்தில் அவன் உங்களை முந்திப் போவான். போகட்டும், மேட்டு உச்சியில் காத்திருக்கச் சொல்லுங்கள்.